இன்ஜின் கிடக்கட்டும், ஃப்ளோரைப் பாருங்கள்

மாருதி 800-இன் கடைசி வண்டி 2014 ஜனவரி 18 அன்று குர்கான் ஆலையை விட்டு வெளியே வந்தது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த கார் அது. முப்பது வருடத்தில் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. தனியார் கார்களுக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். ஆக, 2029 வாக்கில் இந்தியச் சாலைகளில் ஓடும் மாருதி 800 ஒவ்வொன்றும் அந்த வயதைத் தாண்டியிருக்கும். பெரும்பாலானவை எப்போதோ தாண்டிவிட்டன. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியை ஆர்.டி.ஓ.விடம் காட்டி, பசுமை வரி கட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் இப்போது 5,000. இருபது வயதைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் அது 10,000 ஆனது.

இந்தத் தேதி நெருங்கும்போதுதான் வீட்டில் பேச்சு எழும். புதுப்பிப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா, உடைக்கப் போடுவதா? பழக்கமான மெக்கானிக்கைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பாடி கொஞ்சம் டல்லு சார். ஆனா இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. ஏன் சார் உடைக்கணும்?"

முடிவு தவறிப் போவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. இன்ஜின் கல்லு மாதிரி இருப்பது காரை வைத்துக்கொள்ள நல்ல காரணமே அல்ல. சொல்லப்போனால், காரை உடைக்கப் போடுவதற்குத்தான் அது நல்ல காரணம்.

இன்ஜின் என்பது கழற்றி மாட்டக்கூடிய பொருள். 796 சிசி, மூன்று சிலிண்டர். அதில் தேய்பவை எவை, எப்படித் தேயும், எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் ஊரில் பாதிப் பட்டறைகளுக்கு மனப்பாடம். உள்ளே என்ன நிலைமை என்று அறிய அதைப் பிரிக்கக்கூட வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று தெரிந்துவிடும். ஒன்றில் மட்டும் அழுத்தம் குறைகிறதா? பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால், பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியை ஆயில் அடைத்திருக்கிறது என்று பொருள். தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிகிறது. பத்து நிமிட வேலை. எந்தப் பழுதானாலும் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலைக்குச் சரிசெய்யவும் முடியும்.

பாடிக்கு அந்த வசதி கிடையாது. லாரிக்கு அடியில் இருப்பது போன்ற தனிச் சட்டம் மாருதி 800-க்கு இல்லை. முக்கால் மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள எஃகுத் தகடுகளை மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, புள்ளி புள்ளியாக வெல்டு செய்த பெட்டிதான் கார். தரை, கதவுக்குக் கீழே ஓடும் குழல் போன்ற பகுதி, முன் சக்கரத்தின் அதிர்வை வாங்கும் மேடை எல்லாம் சேர்ந்துதான் பளுவைத் தாங்குகின்றன. பெட்டி இற்றுவிட்டால் அதற்குள் எந்த இன்ஜினை வைத்தும் பயனில்லை.

இற்றுப்போவது எப்படி? துருப் பிடித்தல் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். உண்மையில் அது நுண்ணிய மின்கலம் போன்றது. இரும்பு அணு ஓரிடத்தில் எலெக்ட்ரானை இழந்து நீரில் கரைகிறது. அந்த எலெக்ட்ரான் உலோகத்தின் வழியே சற்றுத் தள்ளிப் போய், காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே அயனிகள் ஓட ஈரப் படலம் வேண்டும். அதில் உப்பு இருந்தால் மின்சாரம் எளிதாக ஓடும், துருவும் வேகம் பிடிக்கும். கடற்கரை ஊர்களின் சங்கடம் இதுதான். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சென்னையில் இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 சதவீதமே போதும். பெசன்ட் நகரில் நிற்கும் காரின் மீது படிந்த உப்பு நட்டநடு வெயிலைத் தவிர மற்ற நேரமெல்லாம் ஈரமாகவே இருக்கிறது என்று சொன்னால் அதிகம் மிகையில்லை.

இதில் வஞ்சகமான பகுதி, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கு. அங்கே ஈரம் நுழையும், ஆக்சிஜன் எளிதில் நுழையாது. ஆக்சிஜன் குறைந்த இடமே எலெக்ட்ரானை இழக்கும் முனை ஆகிவிடுவதால், கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்குதான் முதலில் கரைகிறது. உருவாகும் துருவோ தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். அது தகடுகளை நெம்பிப் பிரிக்கும், இடுக்கு அகலும், இன்னும் ஈரம் புகும். வெளியே பெயிண்டில் சின்னக் கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே கதை பாதி முடிந்திருக்கும். டிங்கர் வேலை பார்க்கும் இடத்தில் அந்தக் கொப்புளத்தைத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துத் தருவார்கள். பார்க்க அழகாக இருக்கும். பட்டி எந்தப் பளுவையும் தாங்காது.

அதனால் சோதனையைக் கீழிருந்து தொடங்குங்கள். மிதியடியைத் தூக்கி, ஃப்ளோரைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், இற்றது மந்தமாக ஒலிக்கும். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி பாடியின் மேல் நகர்த்தினால், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் அது பிடி விட்டுவிடும். கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால் உள்ளே மழைநீர் தேங்கி இருந்திருக்கிறது என்று அறியலாம். பானெட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் மேடையைப் பாருங்கள். இந்த மேடையிலும், கீழே சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் பிணையும் இடத்திலும் தகடு உதிர்ந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். ஃப்ளோரில் உள்ளங்கை அளவு ஓட்டை என்றால் வெட்டி ஒட்டுத் தகடு வைக்கலாம். இந்த இடங்களில் ஒட்டு வேலையை நம்பி ஓட்டக் கூடாது.

"என் வண்டி அதிகம் ஓடவே இல்லையே, மாசத்துக்கு ரெண்டு தடவை கோயிலுக்குப் போறதோட சரி" என்பவர்கள் சற்றுக் கூடுதலாகவே கவலைப்பட வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் நிறுத்தினால் சைலென்ஸருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தங்கி அமிலத்தோடு கலந்து அரிக்கும்.

சரி, பாடி சுமார், இன்ஜின் நலம், செலவு 25,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் சந்தை விலையே 30,000. "முப்பதாயிரம் பெறாத வண்டிக்கு இருபத்தைந்தாயிரம் செலவா?" என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கேள்வியே பிழை.

பழைய எந்திரத்தை எப்போது மாற்றுவது என்பது கணிதத்தில் பெயர்பெற்ற புதிர். ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் இதற்குச் சமன்பாடு கண்டார். 1987-இல் ஜான் ரஸ்ட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் அதை ஒரு நிஜ மனிதர்மேல் பொருத்திப் பார்த்தார். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரப் பேருந்து நிறுவனத்தில் ஹெரால்டு ஸர்ச்சர் என்பவர் பராமரிப்புக் கண்காணிப்பாளர். எந்தப் பேருந்தின் இன்ஜினை எப்போது மாற்றுவது என்பது அவர் கையில். 104 பேருந்துகளின் பத்து வருட மாதாந்தரக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஸர்ச்சர் எடுத்த முடிவுகளிலிருந்து அவர் மனதில் இருந்த கணக்கைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க முயன்றார் ரஸ்ட். ஸர்ச்சர் பழைய இன்ஜினின் விலையையும் பழுதுச் செலவையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. இன்று மாற்றினால் வரும் மொத்தச் செலவு ஒரு பக்கம். இந்த மாதம் ஓட்டிவிட்டு அடுத்த மாதம் மறுபடி யோசிக்கும் உரிமையைக் கையில் வைத்திருப்பது இன்னொரு பக்கம். நடுவழியில் நின்று பயணிகளின் வாயில் விழுவதும் செலவில் சேர்த்தி. இன்னொன்றையும் ரஸ்ட் தம் சமன்பாட்டில் சேர்த்தார்: ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்காத, ஆனால் ஸர்ச்சருக்குத் தெரிந்த தகவல். ஆயிலின் நிறம், இன்ஜினின் சத்தம் போன்றவை. மெக்கானிக்கின் காதுக்குச் சமன்பாட்டில் இடம் கொடுத்த பொருளியல் கட்டுரை அது என்பதாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

நம் காருக்கு இதைப் பொருத்தினால், 25,000 எத்தனை வருட ஓட்டத்தை வாங்கித் தருகிறது என்பதுதான் கேள்வி. ஃப்ளோர் வேலைக்கு அந்தப் பணம் போய் வண்டி இன்னும் ஐந்து வருடம் ஓடுமென்றால் வருடத்துக்கு 5,000. எந்தப் புதுக் காரின் தவணையும் அதன் அருகில் வராது. அதே தொகையை இற்ற பாடிக்குள் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்குச் செலவிட்டால் ஒரு மழைக்காலத்தோடு சரி. போன வருடம் 20,000 செலவழித்தோமே என்பது கணக்கிலேயே வராது. வண்டியை வைத்திருந்தாலும் விற்றாலும் அந்தப் பணம் திரும்பப் போவதில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. ஸர்ச்சர் இன்ஜினை மாற்றினாலும் பேருந்து மிஞ்சும். காரை உடைத்துவிட்டால் திரும்ப வழியில்லை. அதனால் சந்தேகம் இருக்கும்வரை ஒரு வருடம் தள்ளிப்போடுவதற்கு ஒரு மதிப்பு உண்டு, பிரேக்கும் பாடியும் பாதுகாப்பாக இருக்கும் பட்சத்தில்.

உடைப்பதென்றே முடிவானால் என்ன கிடைக்கும்? எந்தக் காரையும் கடையில் விற்கும் புது உதிரிபாகங்களைக் கொண்டு முழுதாகக் கட்ட நினைத்தால் செலவு புதுக் காரின் விலையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். அந்தக் கணக்கில் மயங்கி, தானே கழற்றித் துண்டு துண்டாக விற்கலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் எழும்பூருக்குப் பக்கத்தில் புதுப்பேட்டையை ஒரு சுற்று வந்தால் தெளிந்துவிடலாம். கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் கதவுகளும் பானெட்டுகளும் டாஷ்போர்டுகளும் கூரை வரை அடுக்கியிருக்கும். அவை ஏன் அங்கே விற்காமல் கிடக்கின்றன?

ஒரு மாடலின் எல்லாக் கார்களிலும் ஏறத்தாழ அதே பாகங்கள்தான் முதலில் சாகின்றன. ஆகவே ஊரே தேடும் பாகம் எதுவோ, அது வயதாகிச் செத்த உங்கள் காரிலும் செத்திருக்கும். உங்கள் காரில் நன்றாக இருக்கும் பாகம் மற்ற எல்லாக் காரிலும் நன்றாகவே இருக்கும், அதை யாரும் தேட மாட்டார்கள். பின் கண்ணாடியும் ஸ்டியரிங் வீலும் மலைபோல் குவிவது இதனால்தான். நல்ல பாகங்களைத் தருபவை விபத்தில் போன இளவயதுக் கார்கள். முன்பக்கம் நொறுங்கியிருந்தாலும் பின்பாதி புத்தம்புதிதாக இருக்கும். வயதான கார்களில் விதிவிலக்கு, பாடி இற்று இன்ஜின் மட்டும் திடமாக நிற்கும் வண்டி. மெக்கானிக் சொன்ன அந்தக் கல்லு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உதிரிபாகத்துக்கு விலை தருவது, அதே வகை வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது மட்டுமே. மாருதி 800-இன் கதவு வேறெந்தக் காருக்கும் பொருந்தாது. 800-கள் குறையக் குறைய அதன் விலையும் இரும்பு விலைக்கு இறங்கும். இன்ஜின் கதை வேறு. அதே 796 சிசி குடும்பம் ஆம்னியிலும் ஆல்ட்டோவிலும் உண்டு. ஆம்னி 2019 வரைக்கும், ஆல்ட்டோ 800 வகை 2023 வரைக்கும் தயாரானவை. எனவே 800-இன் பாடிக்குக் கிராக்கி அடங்கிய பிறகும் அதன் இன்ஜின் உள்ளுறுப்புகளுக்கு வெகுகாலம் ஆள் இருக்கும்.

விற்கக் கூடாத, வாங்கவும் கூடாத பாகங்கள் சில உண்டு. பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட், டயர் போன்ற ரப்பர் எதுவும் கிலோமீட்டரை மட்டும் எண்ணுவதில்லை; காற்றிலுள்ள ஓசோனும் ஆக்சிஜனும் சும்மா இருக்கும்போதே அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். பட்டன் பார்த்து வாங்குகிறவர்கள் அதையும் பார்க்கட்டும். லோயர் ஆர்ம் போல அடி வாங்கும் எஃகுப் பாகங்கள் இன்னும் சிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரஷ்ய ரயில் அச்சுகள் முறிவதை ஆராய்ந்த ஆகஸ்ட் வோலர், குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் உள்ள அழுத்தத்தை எஃகு எத்தனை லட்சம் தடவை வேண்டுமானாலும் தாங்கும் என்று கண்டார். ஆனால் துரு குழி விழுந்த எஃகுக்கு அந்த வரம்பு செல்லாது. குழியின் நுனியில் விரிசல் தொடங்கி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு மயிரிழை முன்னேறும். பெயிண்ட் அடித்துத் தொங்கவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

நல்ல பாகமானாலும் பிழைக்கக் கூடாது என்று ஓர் அரசாங்கமே முடிவெடுத்ததும் நடந்திருக்கிறது. 2009 கோடையில் அமெரிக்கா, பெட்ரோலைக் குடிக்கும் பழைய கார்களைக் கொடுத்துச் சிக்கனமான புதுக் கார் வாங்கினால் மானியம் தந்தது. ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வண்டிகள் வந்து குவிந்தன. அவற்றின் இன்ஜின் வேறு வண்டியில் உயிர் பெறக் கூடாது என்பது நிபந்தனை. ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி இன்ஜினை ஓட்டினார்கள். சூட்டில் நீர் ஆவியாகி, கண்ணாடி போன்ற திடப்பொருள் பேரிங்குகளுக்கு நடுவே படிந்து, சில நிமிடங்களில் இன்ஜின் இறுகி நின்றது. மற்ற பாகங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் கழற்றி விற்க அனுமதி இருந்தது. தர்க்கம் தெளிவானது: கதவு புகை விடாது, இன்ஜின் விடும்.

பாகங்கள் போக மிஞ்சும் கூடு உலைக்குப் போகிறது. பழைய இரும்பை உருக்கினால் தாதுவிலிருந்து எஃகு செய்வதில் ஆகும் சக்தியில் பாதிக்கு மேல் மிச்சம். அலுமினியத்தில் சுமார் 95 சதவீதம். ஆனால் காரின் எஃகு மறுபடி காராக முடிவதில்லை. காரணம் வயர். முழுக் காரையும் பெரிய எந்திரத்தில் போட்டு அரைத்தால் ஒயரிங்கின் செம்பும் சிறு மோட்டார்களின் செம்பும் எஃகோடு கலந்துவிடும். உருகிய எஃகில் ஆக்சிஜனைச் செலுத்தினால் சிலிக்கன், மாங்கனீசு எல்லாம் கசடாகப் பிரிந்துவிடும். செம்பு பிரியாது, ஏனெனில் ஆக்சிஜனோடு சேரும் ஆசை இரும்பைவிடச் செம்புக்குக் குறைவு. செம்பு கலந்த எஃகைச் சூட்டில் தகடாக உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். கார்த் தகட்டுக்குச் செம்பு 0.06 சதவீதத்துக்கு மேல் ஆகாது. கட்டடக் கம்பி 0.4 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளும். எனவே பழைய கார்கள் பெரும்பாலும் கான்கிரீட்டுக்குள் கம்பியாக முடிகின்றன.

இந்த ஒரு விஷயத்தில் புதுப்பேட்டையின் கைகள் எந்திரத்தை வெல்கின்றன. செம்புக்கு நல்ல விலை என்பதால் அங்கே ஒரு வயரையும் விடுவதில்லை. அந்தக் கூட்டின் எஃகு எந்திரம் அரைத்ததைவிடச் சுத்தமானது. அதற்காக எல்லாவற்றையும் பாராட்டிவிட முடியாது. வயரின் பிளாஸ்டிக்கைத் தீயிட்டு உரித்தால் டயாக்சின் வரும். பழைய ஆயில் மண்ணில் ஊறும். ஏ.சி. இருந்தால் இன்னொரு கேடு: குழாயை வெட்டினால் வெளியேறும் ஆர்-134ஏ வாயு, கார்பன் டையாக்சைடைப் போல 1,300 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அரைக் கிலோ வாயு என்றால், முந்நூறு லிட்டருக்கு நெருக்கமான பெட்ரோலை எரித்ததற்குச் சமம். உடைக்கும் முன் ஒரு ஏ.சி. பட்டறையில் வாயுவை உருளையில் எடுத்துவிடச் சொல்வது எளிது, செய்பவர்கள் அரிது.

"புகை விடும் பழைய காரை ஒழித்துப் புதிது வாங்குவதுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்பதையும் சற்று நோண்டிப் பார்க்கலாம். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் சுமார் 430 கிலோ கார்பன் டையாக்சைடு. லிட்டருக்கு 22 தரும் புதுக் காரில் அது 315 கிலோ. மிச்சம் வருடத்துக்கு 115 கிலோ போல. ஒரு சிறு காரைத் தயாரிக்கவே 5 டன் அளவில் வெளியாகிறது என்று கொண்டால், அதை ஈடுகட்ட நாற்பது வருடத்துக்கு மேல் வேண்டும். குறைவாக ஓட்டுபவருக்குப் பழைய காரே பூமிக்கு இலகு.

அடுத்த வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்குக் கணக்கு வேறு. இந்தியாவில் 1995-இல் பெருநகரங்களில் விற்ற புதுப் பெட்ரோல் கார்களுக்கு முதலில் வந்ததுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான் தேன்கூடு அது. அது இல்லாத, கார்புரேட்டர் வைத்த 800 வெளியிடும் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் பிந்திய எம்.பி.எஃப்.ஐ. வண்டியைவிடப் பன்மடங்கு. ஆகவே வயதை மட்டும் வைத்து வரம்பு போடுவது எனக்கு ஒப்பவில்லை. 1993 மாடலும் 2010 மாடலும் அட்டவணையில் "15 கடந்தவை" என்று ஒரே வரிசையில் நிற்கலாம். புகையில் அவை ஒரே வரிசை அல்ல. முன்னதை நெரிசலான நகரத்தில் ஓட்டுவதற்கு நான் வாதாட மாட்டேன். பின்னதன் பாடி திடமாக இருந்தால் 5,000 கட்டிப் புதுப்பிப்பேன்.

உடைப்பதென்றால் காகித வேலை ஒன்றையும் சேர்த்தே முடிக்க வேண்டும். 2021 விதிகளின்படி பதிவுபெற்ற உடைப்பு மையத்தில் விட்டால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டிச் சலுகை கேட்கலாம், சலுகையின் அளவு மாநிலத்தையும் விற்பனையாளரையும் பொறுத்தது. வேறு வழியில் வண்டி அழிந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கதவு ஒரு வண்டியிலும் சக்கரம் இன்னொரு வண்டியிலும் சுற்றிக்கொண்டிருந்தாலும், ஆர்.டி.ஓ. பதிவேட்டில் அது உங்கள் பெயரில் உள்ள முழுக் கார்தான். சேஸிஸ் நம்பர் பொறித்த தகட்டை வெட்டி நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜினைத் தனியாக வாங்குகிறவருக்கு இன்ஜின் நம்பரைக் குறிப்பிட்டு ரசீது எழுதிக் கொடுங்கள். அவருடைய ஆர்.சி.யில் இன்ஜின் மாற்றத்தைப் பதிய அது அவருக்குத் தேவைப்படும்.